இமாரத்

இமாரத் என்பது ஓட்டோமான் பேரரசில் அறக்கொடைகளின் வருவாயைக் கொண்டு நடத்தப்பட்ட பொது உணவுச்சாலை ஆகும். ஏழைகள், வழிப்போக்கர்கள், யாத்திரிகர்கள், மாணவர்கள், பள்ளிவாசல் பணியாளர்கள் ஆகியோருக்கு இங்கு நாள்தோறும் இலவசமாக உணவு வழங்கப்பட்டது. 14ஆம் நூற்றாண்டு முதல் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கம் வரை அனத்தோலியா, பால்கன் பகுதி, சிரியா, பாலஸ்தீனம் ஆகிய இடங்களில் பல நகரங்களில் இமாரத்துகள் இயங்கி வந்தன. பசித்தவரும் செல்வாக்குடையவரும் ஒரே சமையற்கூடத்தின் உணவை உண்டபோதிலும், யாருக்கு எவ்வளவு, யாருக்கு முதலில் என்பவை நிறுவனரின் அறக்கொடை ஆவணத்திலேயே வரையறுக்கப்பட்டிருந்தன.

பெயர்

அரபு மொழியில் "இமாரா" என்னும் சொல் கட்டிடம், ஓரிடத்தைச் செழிக்கச் செய்தல் ஆகிய பொருள்களைத் தரும். தொடக்கத்தில் பள்ளிவாசல், மதரசா, மருத்துவமனை, தங்கும் விடுதி முதலியவை அடங்கிய முழு வளாகத்தையும் இச்சொல் குறித்தது. காலப்போக்கில் அவ்வளாகத்தின் உணவுச்சாலையை மட்டும் குறிக்கலாயிற்று. துருக்கி மொழியில் இது "அஷ்ஹானே" என்றும் அழைக்கப்பட்டது. அரபு மொழி பேசும் பகுதிகளில் "தக்கியா" என்னும் பெயர் வழங்குகிறது.

முன்னோடிகள்

வழிப்போக்கருக்கு உணவளிக்கும் வழக்கம் ஓட்டோமான்களுக்கு முன்பே மேற்காசியாவில் இருந்தது. பாலஸ்தீனத்தின் ஹெப்ரோன் நகரில், விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற ஆபிரகாமின் அடக்கத்தலத்தில், வருவோர்க்கெல்லாம் உணவு வழங்கப்பட்டு வந்தது. 1047ஆம் ஆண்டில் அங்கு சென்ற பாரசீகப் பயணி நாசிர் குஸ்ரோ, வருவோர் ஒவ்வொருவருக்கும் ரொட்டியும், ஒலிவ எண்ணெயில் சமைத்த பருப்பும், உலர்ந்த திராட்சையும் தரப்பட்டதாகத் தமது பயண நூலில் குறிப்பிடுகிறார். "ஆபிரகாமின் விருந்து" எனப்பட்ட இவ்வழக்கம் மம்லுக்கியர், ஓட்டோமான் ஆட்சிகளிலும் தொடர்ந்தது.

வரலாறு

ஓட்டோமான் மரபில் முதல் இமாரத்தை நிறுவியவர் இரண்டாம் ஆட்சியாளரான ஓர்ஹான் எனக் கூறப்படுகிறது. இஸ்னிக் நகரில் அதனைத் திறந்த நாளில் அவரே தம் கையால் ஏழைகளுக்கு உணவு பரிமாறி, மாலையில் விளக்கேற்றினார் என்று பழைய வரலாற்று நூல்கள் கூறுகின்றன. அதே நகரில் முதலாம் முராத் தம் தாய் நிலூஃபர் ஹாத்தூனின் நினைவாக 1388இல் கட்டிய இமாரத் கட்டிடம் இன்று அருங்காட்சியகமாக உள்ளது.

1453இல் கான்ஸ்டாண்டினோப்பிள் கைப்பற்றப்பட்ட பின்னர், இரண்டாம் மெகமெத் 1463-1470 காலப்பகுதியில் அங்கு அமைத்த ஃபாத்தி வளாகத்தில் ஒரு பெரிய இமாரத் இடம்பெற்றது. 1550களில் கட்டிடக்கலைஞர் சினான் அமைத்த சுலைமானியே வளாகத்திலும் இமாரத் கட்டப்பட்டது. சுல்தான்கள் மட்டுமன்றி அரச குடும்பப் பெண்களும் அமைச்சர்களும் இமாரத்துகளை நிறுவினர்.

வருவாய்

இமாரத்துகள் "வக்ஃப்" எனப்படும் அறக்கொடை முறையில் இயங்கின. நிறுவனர் தமக்குரிய நிலம், கடை, குளியலகம், ஆலை முதலியவற்றின் வருவாயை நிரந்தரமாக எழுதிவைப்பார். கிராமங்களின் வரி வருவாயும் இவ்வாறு அளிக்கப்பட்டது. சுலைமானின் மனைவி ஹுர்ரெம் சுல்தான் 1552இல் ஜெருசலேமில் நிறுவிய ஹாசெகி சுல்தான் இமாரத்துக்குப் பாலஸ்தீனத்தின் பல கிராமங்களும் இன்றைய லெபனானின் திரிப்போலி பகுதியிலுள்ள சில சொத்துகளும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஆகவே நகரத்து ஏழையின் ரொட்டி நாட்டுப்புற உழவரின் விளைச்சலிலிருந்தே வந்தது. விளைச்சல் குறைந்தாலோ, வரி தண்டுவது தடைப்பட்டாலோ சமையற்கூடமும் பாதிக்கப்பட்டது.

உணவு

இமாரத்தின் அன்றாட உணவு ரொட்டியும் கஞ்சி போன்ற குழம்பும் ஆகும். ஜெருசலேம் இமாரத்தில் காலையில் அரிசியிலும் மாலையில் உடைத்த கோதுமையிலும் இக்கஞ்சி காய்ச்சப்பட்டது. இதில் நெய், கொண்டைக்கடலை, வெங்காயம், உப்பு ஆகியவை சேர்க்கப்பட்டன. பருவத்துக்கு ஏற்பத் தயிர், எலுமிச்சை, பூசணி முதலியனவும் இடம்பெற்றன. வெள்ளிக்கிழமை இரவுகளிலும் ரமழான் மாத இரவுகளிலும் பண்டிகைகளிலும் "தானே" எனப்படும் ஆட்டிறைச்சிச் சோறும், "செர்தே" எனப்படும் குங்குமப்பூவும் தேனும் சேர்த்த இனிப்புச் சோறும் சமைக்கப்பட்டன. பேரரசின் பல பகுதிகளிலும் சிறப்பு நாட்களுக்கு இவ்விரண்டு உணவுகளே வழங்கின. இதனால் தொலைதூரம் செல்லும் பயணி புதிய நகரிலும் பழகிய உணவைக் காண முடிந்தது.

பங்கீடு

ஹாசெகி சுல்தான் இமாரத்தின் அறக்கொடை ஆவணம் உணவு பெறுவோரை மூன்று பிரிவினராக வகுத்தது.

பணியாளர்கள்: ஒருவருக்கு ஓர் அகப்பைக் கஞ்சியும் இரண்டு ரொட்டிகளும்.
வளாகத்தின் 55 அறைகளில் தங்கியிருப்போர்: ஒருவருக்கு ஓர் அகப்பைக் கஞ்சியும் ஒரு ரொட்டியும்.
ஏழைகள் 400 பேர்: ஒருவருக்கு ஒரு ரொட்டி, இருவருக்குச் சேர்த்து ஓர் அகப்பைக் கஞ்சி.

எண்ணிக்கையில் ஏழைகளே மிகுதி எனினும், தனி ஒருவருக்குக் கிடைத்த அளவில் அவர்களே கடைசி இடத்தில் இருந்தனர். இஸ்தான்புல்லின் ஃபாத்தி இமாரத்தில் உயர்நிலைப் பயணிகள், அறிஞர்கள், மாணவர்கள், பணியாளர்கள் ஆகியோர் உண்ட பின்னர் எஞ்சியதே ஏழைகளுக்குத் தரப்பட்டது. பசித்தோர்க்கு உணவிடுவதோடு, ஒவ்வொருவரின் சமூக நிலையை எடுத்துக்காட்டும் இடமாகவும் இமாரத் விளங்கியது.

பயணிகள்

பெரும்பாலான இமாரத்துகளில் வழிப்போக்கர் மூன்று நாட்கள் வரை விருந்தினராகத் தங்கி உண்ணலாம். அவர்களது குதிரை, கழுதை, ஒட்டகங்களுக்குத் தொழுவமும் தீவனமும் கிடைத்தன. ஃபாத்தி இமாரத்தில் களைப்புடன் வந்து சேரும் விருந்தினருக்கு முதலில் தேனும் ரொட்டியும் கொடுக்கும் வழக்கம் இருந்தது. சில இமாரத்துகளில் கிறித்தவர்களும் யூதர்களும் உணவு பெற்றதாகப் பயணக் குறிப்புகள் தெரிவிக்கின்றன. 17ஆம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஓட்டோமான் பயணி எவ்லியா செலெபி, தாம் சென்ற அயல்நாடுகளில் இதற்கு இணையான அமைப்பைக் கண்டதில்லை என்று பெருமையுடன் எழுதினார்.

விமர்சனங்கள்

இமாரத்துகள் தம் காலத்திலேயே கண்டனத்துக்கும் உள்ளாயின. ஓட்டோமான் வரலாற்றாசிரியரும் அரச அலுவலருமான முஸ்தஃபா அலி (1541-1600), மாணவர்களுக்குத் தரப்படும் ரொட்டி மண்கட்டி போலவும், கஞ்சி பாத்திரம் கழுவிய நீர் போலவும் இருப்பதாகச் சாடினார். சுல்தான் புதிய அறநிறுவனங்களைப் பொதுக் கருவூலத்திலிருந்து கட்டாமல், தாம் போரில் ஈட்டிய பொருளிலிருந்தே கட்ட வேண்டும் என்பதும் அவரது கருத்து.

உணவு பெறும் உரிமை வறுமையோடு மட்டும் தொடர்புடையதாக நீடிக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டு ஜெருசலேமில் இவ்வுரிமையைப் பட்டயம் மூலம் பெற்றிருந்தவர்களுள் சமயத் தலைவர்களும் செல்வாக்குள்ள குடும்பத்தினரும் அடங்குவர். அன்றாட ரொட்டியும் கஞ்சியும் அவர்களுக்குப் பசி தீர்க்கும் வழியாக அல்லாது, மதிப்புக்குரிய மானியமாக இருந்தன.

வீழ்ச்சியும் இன்றைய நிலையும்

19ஆம் நூற்றாண்டில் வக்ஃப் வருவாய்களை மத்திய அரசு தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததால் இமாரத்துகளின் நிதி சுருங்கியது. இலவச உணவு சோம்பலை வளர்க்கிறது என்னும் வாதமும் வலுப்பெற்றது. 1911இல் இஸ்தான்புல்லின் பெரும்பாலான இமாரத்துகள் மூடப்பட்டன. ஆனால் முதலாம் உலகப் போர் கொண்டுவந்த பஞ்சத்தின்போது அவற்றுட் சில மீண்டும் திறக்கப்பட்டன.

இன்று சில இமாரத் கட்டிடங்கள் வேறு பயன்பாட்டில் உள்ளன. எகிப்தின் ஆட்சியாளர் முகமது அலி பாஷா தாம் பிறந்த கவாலா நகரில் 1817இல் தொடங்கிய இமாரத், தற்போது கிரேக்க நாட்டில் ஒரு தங்கும் விடுதியாக உள்ளது. துருக்கியில் அறக்கட்டளைகள் பொது இயக்ககம் ஏழைகளுக்கான உணவுச்சாலைகளை இமாரத் என்னும் பெயரிலேயே நடத்துகிறது. ஜெருசலேமின் ஹாசெகி சுல்தான் தக்கியாவும் ஹெப்ரோனின் இப்ராகிமி தக்கியாவும் 21ஆம் நூற்றாண்டிலும் உணவு வழங்கி வருகின்றன. ரமழான் மாதத்தில் இவ்விடங்களில் மக்கள் பாத்திரங்களுடன் வரிசையில் நின்று உணவு பெற்றுச் செல்கின்றனர்.

இவற்றையும் பார்க்க

வக்ஃப்
ஓட்டோமான் பேரரசு
எவ்லியா செலெபி
அன்னசத்திரம்