போர்க்கால காமிக்ஸ் 'ஒரிஜினல்': கையில் இருப்பது ஓவியமா, பிரிண்ட்டா? கண்டுபிடிப்பது எப்படி?

ராணி காமிக்ஸில் நாம் 'மாயாவி'யாகப் படித்த ஃபேண்டம், 2ஆம் உலகப்போர் காலத்து அமெரிக்க நாளிதழ்களில் ஜப்பான் படையோடு மோதியவர். அப்படிப்பட்ட போர்க்கால காமிக்ஸ்களுக்காக ஓவியர்கள் கையால் வரைந்த அட்டைகளைச் சேகரிப்பவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். ஆனால், இங்கே யாராவது 'ஒரிஜினல்' என்று நீட்டினால் உடனே பணத்தை எடுத்துடாதீங்க.

இந்தியாவுக்கு வந்தது என்ன?

வெளிநாட்டு காமிக்ஸ்களை வெளியிட்ட பத்திரிகைகளுக்கு ஓவியம் வராது. ப்ரூஃப் தாள் அல்லது அச்சு வார்க்கும் காகித அச்சு மட்டுமே வரும். அதனால் இங்கே கிடைப்பது பெரும்பாலும் ப்ரூஃப் அல்லது வெட்டி எடுத்த பேப்பர். அதுக்கும் மதிப்பு உண்டு; ஆனால், ஓவியத்தின் விலை கொடுக்க வேண்டியதில்லை.

ஆனந்த விகடனில் மாலி போன்றவர்கள் இங்கேயே வரைந்தார்கள். ஆனால், பிளாக் தயாரானதும் அட்டையின் வேலை முடிந்துவிடும். அதனால்தான் அந்தக் காலத்து தமிழ் ஒரிஜினல்கள் அரிது.

எதைப் பார்க்கணும்?

* அளவு: ஒரிஜினல், அச்சில் வந்ததைவிடப் பெரிதாக இருக்கும்.
* லென்ஸ்: புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பிரிண்ட்.
* திருத்தம்: நீல பென்சில் கோடு, வெள்ளை பெயின்ட், ஒட்டிய எழுத்துகள் இருந்தால் நல்ல அறிகுறி.
* கலர்: ஞாயிறு காமிக்ஸ்கூட பெரும்பாலும் கறுப்பு மையில்தான் வரையப்பட்டது. முழுக் கலரில் இருந்தால் சந்தேகப்படுங்க.

வாங்கினால் எல்லாம் நமக்கா?

இல்லை. அட்டைதான் உங்களுடையது, பதிப்புரிமை தனி. இந்தியாவில் அது ஓவியர் இறந்த பிறகும் 60 ஆண்டுகள் நீடிக்கும். பதிப்புரிமையின் முதல் உரிமையாளர் ஓவியரே என்றால், அந்தக் காலம் முடியும்வரை, 10,000 ரூபாய்க்கு மேல் போகும் மறுவிற்பனையில் அவரோ வாரிசுகளோ பங்கு கேட்கலாம். உச்சவரம்பு 10%. பதிப்புரிமைச் சட்டத்தின் 53ஏ பிரிவு இதைச் சொல்கிறது.

எங்கே ஒப்பிடலாம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் இருப்பவர்கள் சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தை அணுகலாம். அங்குள்ள பழைய தமிழ் இதழ்களில் அச்சான படத்தைத் தேடி, கையில் இருப்பதோடு ஒப்பிடலாம்.

பரணில் இருக்கிறதா?

அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழக கார்ட்டூன் நூலகம், 'டெரி அண்ட் தி பைரேட்ஸ்' வரைந்த மில்டன் கேனிஃப் கொடுத்த சேகரிப்போடு 1977இல் தொடங்கியது. அவர் பத்திரப்படுத்தியதால்தான் அவை பிழைத்தன. உங்கள் வீட்டில் யாராவது அந்தக் காலத்தில் பத்திரிகையிலோ அச்சகத்திலோ வேலை பார்த்திருந்தால், பழைய பெட்டியை எடைக்குப் போடும் முன் ஒருமுறை திறந்து பாருங்க. படம் இருந்தால் செலோ டேப் ஒட்டாதீங்க, லேமினேஷன் செய்யவே கூடாது.