தீபாவளி போனஸ்: இனாமா, நம்ம காசா?

மக்களே, கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன்.

ஐப்பசி பொறந்தா புதுவாயல் கூட்டுரோட்டுல கும்மிடிப்பூண்டி சிப்காட் ஷிப்ட் பஸ்ஸுக்கு நிக்கறவங்ககிட்ட ஒரே பேச்சுதான்: "போனஸ் போட்டாச்சா?" 2004-ல் எனக்கு முதல் போனஸ் வந்தது. துணி, பட்டாசு, புது செல்போன்... நாலே நாள்ல காலி. கார்த்திகை மாச வாடகைக்குக் கைமாத்து வாங்கினேன் :(

அப்பா திட்டல. "அது யார் காசுன்னு நெனச்சு செலவு பண்ணே?" என்று மட்டும் கேட்டார். "கம்பெனி குடுத்ததுப்பா" என்றேன். சிரிச்சுட்டுப் போயிட்டார். ஏன் சிரிச்சார்னு புரிய இந்தக் கதை தேவைப்பட்டது.

முதல் உலகப்போர் காலம். விலைவாசி ஏற, 1917-ல் பம்பாய், அகமதாபாத் மில்களில் 10 சதவீதம் 'போர் போனஸ்' கொடுத்தார்கள். பிளேக் பயத்தில் தொழிலாளிங்க ஊரைவிட்டு ஓடாம இருக்க அகமதாபாத்தில் 'பிளேக் போனஸ்' வேற! 1918-ல் அதை நிறுத்தினதும் ஸ்ட்ரைக். காந்தி உண்ணாவிரதம் இருந்தது அந்தப் போராட்டத்தில்தான். அதுவரை போனஸ்னா முதலாளி மனசு வெச்சுக் கொடுக்கறது.

1950-ல் தொழிலாளர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம், லாபத்தில் தொழிலாளிக்கும் பங்கு உண்டுன்னு ஒரு கணக்கு வகுத்தது. 1961-ல் மெஹர் தலைமையில் போனஸ் கமிஷன், 1965-ல் போனஸ் சட்டம். குறைந்தபட்சம் 4 சதவீதம். 1972-ல் அது 8.33 ஆச்சு. அதென்ன 8.33? நூறைப் பன்னிரண்டால வகுத்துப் பாருங்க. வருஷ சம்பளத்துல ஒரு மாசம்!

1975-ல் எமர்ஜென்சி வந்ததும் திரும்ப 4-க்கு இறக்கினார்கள். 1977-ல் ஆட்சி மாறினதும்தான் 8.33 திரும்பி வந்தது. ஆக இது இனாம் இல்ல சாமி, போராடி வாங்கின பதிமூணாவது மாச சம்பளம்.

தீபாவளிக்கும் இதுக்கும் என்ன முடிச்சு? கணக்கு வருஷம் முடிஞ்சு எட்டு மாசத்துக்குள்ள கொடுக்கணும்கறது சட்டம். மார்ச்சோட கணக்கு முடிஞ்சா நவம்பர் வரைக்கும் கெடு. நடுவுல பண்டிகை வந்துடுது, அவ்வளவுதான்.

ஒரு எச்சரிக்கை. கையில வாங்கற முழு சம்பளத்துக்கும் 8.33 வராது. மாசம் 7,000 ரூபாய் அல்லது அரசு குறைந்தபட்ச கூலி, இதுல எது அதிகமோ அதுவரைக்கும்தான் கணக்குன்னு 2015 திருத்தம் வெச்சது. ஒரு மாச சம்பளம் வரும்னு நம்பி முன்கூட்டியே கடன் வாங்கறவங்க இங்கதான் மாட்டிக்கறாங்க. நான் இப்போ போனஸ் வந்ததும் முதல்ல ஒரு மாச வாடகையும் பள்ளிக்கூட ஃபீஸும் எடுத்து வெச்சுடறேன். மீதியிலதான் பட்டாசு.

போன வருஷம் பஸ்ல ஒரு ஒடிசா தம்பி. ஏழு மாசமா காண்ட்ராக்ட் வேலை. "எங்களுக்கு போனஸ் கிடையாதாம்ணே" என்றான். வருஷத்துல 30 நாள் வேலை செஞ்சாலே உண்டு, காண்ட்ராக்ட் ஆளுக்கும்தான். 2019 ஊதியச் சட்டத் தொகுப்புலயும் அந்த 30 நாளும் 8.33-ம் அப்படியே இருக்கு என்றேன். நம்பாம பார்த்தான்.

செலவை அடக்கணும்னு எனக்கு நானே சொல்லிக்கறேன், சரி. கைக்கே வராத காசை அவன் எப்படி அடக்குவான்? உங்க பக்கத்து மெஷின்ல இப்படி ஒருத்தன் இருந்தா, அந்த 30 நாள் கணக்கைச் சொல்லுங்க.