பொம்மைக்குப் பிறகு வந்த நோயாளி

1911-இல் அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் மருத்துவமனை நர்ஸிங் பள்ளிக்கு ஆளுயரப் பொம்மை ஒன்று வந்தது. பொம்மை வியாபாரத்தில் பேர் பெற்ற மார்த்தா சேஸ் செய்து கொடுத்தது. 'மிஸஸ் சேஸ்' என்பதே அதன் பேராகிவிட்டது. புரட்டலாம், உடை மாற்றலாம், படுக்கையில் கிடத்தலாம். தப்பாகச் செய்தாலும் அது பாட்டுக்குக் கிடக்கும். அதுதான் குறை.

1960களின் தொடக்கத்தில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பிளேட்டோ என்ற கணினிவழிக் கல்வி அமைப்பு வளர்ந்துகொண்டிருந்தது. அதை உருவாக்கிய டொனால்ட் பிட்ஸரின் மனைவி மேரியன் ஒரு நர்ஸ். (கணினி வரலாறு எழுதுபவர்கள் இவரை ஒரு வரியில் கடந்துவிடுவார்கள்.) மாரடைப்பு வந்த நோயாளி ஒருவரைக் கற்பனையாக அதற்குள் கொண்டுவந்தார் அவர். விரிவுரை கிடையாது. வேண்டிய தகவலை மாணவியேதான் கேட்டு வாங்க வேண்டும். கேட்காவிட்டால் தெரியாது, அவ்வளவுதான்.

இன்றைக்கு விபத்துப் பிரிவுக்கு வரும் புது நர்ஸுகளுக்கான திரைப் பயிற்சியும் இந்த வழியில் வந்ததுதான். எலும்பு முறிந்து கோணிக் கிடக்கும் கால் கண்ணை இழுக்கும். ஆனால் தொண்டையில் கர்கர் சத்தம் கேட்கிறதே, மூச்சுப்பாதையை அல்லவா முதலில் பார்க்க வேண்டும்? காலைத் தொட்டால் திரையில் ஆக்சிஜன் அளவு இறங்கத் தொடங்கும். நிஜத்தில் வாசலில் சொந்தக்காரர்கள் கதறிக்கொண்டிருப்பார்கள். அந்தச் சத்தம் திரையில் இல்லை. இங்கே ஆள் போனால், மறுபடி முதலிலிருந்து தொடங்கலாம்.