பதினேழு பேர்

(நுளம்பு நடந்த பாதை – 9)

1963. அந்த வருடம் இலங்கை முழுவதிலும் மலேரியா கண்டவர்கள் 17 பேர்தான். 1934–35இல் ஏறத்தாழ 80,000 உயிர்களை வாரிக்கொண்டு போன காய்ச்சல்! வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. விசிறியதில் கிடைத்த வெற்றி. இனி வராது என்று விசிறலை நிறுத்தினார்கள். ஊர் ஊராக இரத்தம் பார்ப்பதும் தளர்ந்தது. 1969இல் நோயாளிகள் 5 லட்சத்தைத் தாண்டினார்கள். இந்தத் தொடரில் நான் எழுதிய எண்களுள் என்னை அதிகம் அச்சுறுத்துவது அந்த 17தான்.

1969இல் பரவியது பெரும்பாலும் வைவாக்ஸ் வகை. ஆளைக் கொல்வது அரிது. பல்சிப்பாரம் அப்படியல்ல. அந்த ஒட்டுண்ணி புகுந்த சிவப்பணுக்கள் மூளையின் நுண்குழாய்களில் ஒட்டிக்கொண்டு இரத்த ஓட்டத்தை மறிக்கும். காலையில் காய்ச்சலென்று படுத்த பிள்ளைக்கு இரவில் வலிப்பு வரும். பிறகு நினைவு தப்பும். மூளையைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் கண் காட்டிக்கொடுக்கும்: விழித்திரையிலும் அதே அடைப்பு, வெளிறிய திட்டுகள், இரத்தக் கசிவு. மலாவி நாட்டு மருத்துவர்கள் கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தே, நினைவிழந்த பிள்ளைக்கு உண்மையில் மூளை மலேரியாதானா என்று பிரித்தறிந்தார்கள்.

போர்க்காலத்திலும் வடக்கில் மலேரியாத் தடுப்பு வேலை அடியோடு நின்றுவிடவில்லை. ஷெல் விழுந்த நாட்களிலும் இரத்தம் பார்த்த அந்த ஊழியர்களுக்கு நாம் பட்ட கடன் பெரிது. உள்ளூரில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி, மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது.

இந்த நாட்டில் மலேரியாவை முக்கியமாகப் பரப்பிவந்த நுளம்புக்கு, ஆறு வற்றும்போது படுகையில் தேங்கும் குட்டைகள்தான் தோதான இடம். யாழ்ப்பாணத்து உரும்பிராயில் ஆறு ஏது? செம்மண் தோட்டங்களுக்கும் குடிக்கவும் குளிக்கவும் கிணறுதான். வளவுக்கு வளவு கிணறு.

சான்றிதழின் மை காயவில்லை. அதே வருட முடிவில், மன்னாரில் கிணற்று நீரை அள்ளிப் பார்த்த பூச்சியியல் குழுவினருக்கு, இலங்கையில் அதுவரை யாரும் கண்டிராத ஒரு நுளம்பின் குடம்பிகள் கிடைத்தன. அனோபிலிஸ் ஸ்டீபன்சி. சென்னையின் கிணறுகளிலும் மாடித் தண்ணீர்த் தொட்டிகளிலும் பெருகி, நகரத்துக்குள்ளேயே மலேரியாவைப் பரப்பும் அதே இனம். அதற்கு ஆறு வேண்டாம்.

மன்னாரோடு அது நின்றதா? யாழ்ப்பாணத்துக் கிணறுகளுக்குள் வாளியை இறக்கியவர்கள் எதைக் கண்டார்கள்?

(அடுத்த வாரம்)