கடாரம் கண்ட மழையும் வெள்ளமும்



இராஜேந்திர சோழன் 1025ஆம் ஆண்டில் கப்பற்படை அனுப்பிய கடாரம் நம் கெடா என்று பெருமை பேசுகிறோம். அந்தக் கடாரத்தை வாழ வைத்ததும் வருத்தியதும் மழையே என்பதை மறந்துவிடுகிறோம்.

கிழக்குக் கரையில் ஆண்டு இறுதியில்தான் பெருமழை. நம் பக்கம் அப்படியல்ல. ஏப்ரல், மே மாதங்களில் ஒரு மழை. செப்டம்பர் முதல் நவம்பர் வரை இன்னொரு மழை, அதுவே பெரியது. 1,217 மீட்டர் உயரமுள்ள ஜெராய் மலை, கடலிலிருந்து வரும் ஈரக் காற்றைத் தடுத்து மழையாக இறக்குகிறது. சீக் பக்கத்து மலைகளிலிருந்து வரும் மூடா ஆற்றோடு, பாலிங்கிலிருந்து வரும் கெட்டில் ஆறு கலக்கிறது. மலாய் மொழியில் 'கோலா' என்றால் ஆறு கலக்கும் இடம். கோலா கெட்டில் என்ற பெயரே தண்ணீர் வரும் வழியைச் சொல்லிவிடுகிறது!

ஆறுகள் காலங்காலமாகக் கொட்டிய வண்டல் கடற்கரையை மேற்கே தள்ளியது. பழைய துறைமுகமான சுங்கை மாஸ் இன்று கடலை விட்டு உள்ளே கிடக்கிறது.

மனிதனும் சும்மா இருக்கவில்லை. 1885இல் கெடாவின் முதலமைச்சர் வான் முகமட் சாமான், அலோர் ஸ்டாரிலிருந்து குரூண் வரை கால்வாய் வெட்டத் தொடங்கினார். சதுப்பு நிலம் வயலாயிற்று. பின்னர் மூடா, பெடு அணைகள் எழுந்தன. 1970 முதல் இருபோக நெல் விளைந்தது.

தோட்டத்து மக்களுக்கு மழை வேறு கணக்கு. "மழை புடிச்சிக்கிட்டா வெட்டு இல்லே" என்பார்கள். பட்டை நனைந்தால் பால் கோட்டில் ஓடாமல் மரத்தில் வழியும். மங்கில் விழுந்ததும் தண்ணியாப் போகும். வெட்டு இல்லையென்றால் கூலியும் குறையும்.

அணைகள் வந்த பின்னும் வெள்ளம் நிற்கவில்லை. 2003 அக்டோபரில் மூடா ஆறு கரை புரண்டது. 2010 நவம்பரில் அலோர் ஸ்டார் விமான நிலையமும் நெடுஞ்சாலையும் மூடப்பட்டன. 2021 ஆகஸ்டு 18இல் ஜெராய் மலையிலிருந்து பாய்ந்த நீர் யான், மெர்போக் பகுதிகளில் உயிர்களைப் பறித்தது. 2022 ஜூலை 4இல் பாலிங், கூப்பாங்கில் மூவர் மாண்டனர்.

மாணவர்களே, ஒன்றை மனத்தில் வையுங்கள். தலைக்கு மேல் வானம் வெளுத்திருந்தாலும் மலை மேல் மழை பெய்துகொண்டிருக்கலாம். ஆற்றில் குளிக்கும்போது தண்ணீர் திடீரென்று கலங்கினால், இலையும் சுள்ளியும் மிதந்து வந்தால், இரைச்சல் கேட்டால், துணிமணியைத் தேடாதீர்கள். உடனே மேட்டுக்கு ஓடுங்கள். வீட்டுப் பெரியவர்களிடம், "எந்த வருசம், எதுவரைக்கும் தண்ணி ஏறிச்சு?" என்று கேட்டு எழுதி வையுங்கள். தோட்டங்கள் துண்டாடப்பட்டு லயங்கள் மறைகின்றன. அவற்றோடு அந்த நினைவும் மறையக் கூடாது. நாளை வீடு கட்டுகிறவனுக்கு அதுவே வழிகாட்டி.