ஓவியர்கள் நடந்த சென்னை

வெளியூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்தால் எங்கே கூட்டிக்கொண்டு போவோம்? மெரினா, வண்டலூர், தி. நகர். அதோடு முடிந்தது. ஆனால் இந்த ஊரிலேயே வாழ்ந்து, வரைந்து, பெயர் பெற்ற ஓவியர்களும் சிற்பிகளும் எங்கே போனார்கள், எங்கே கற்றார்கள், எதைப் பார்த்தார்கள் என்று தேடினால் வேறொரு சென்னை கிடைக்கிறது. மலர்க் குழு நண்பர்கள் "ஏதாவது எழுதிக் கொடுப்பா" என்று கேட்டபோது எனக்கு அந்தச் சென்னைதான் நினைவுக்கு வந்தது. நான் ஓவியன் இல்லை. முதலாம் ஆண்டில் மினி டிராஃப்டரோடு மல்லுக்கட்டிய கூட்டத்தில் ஒருவன். இருந்தாலும் இது நம் சங்கதியும்தான் என்பதைப் படித்தால் தெரிந்துகொள்வீர்கள்.

பட்டறையாகப் பிறந்த பள்ளி

பெரியமேட்டில் பூந்தமல்லி நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் அரசு கவின் கலைக் கல்லூரியை பஸ்ஸில் எத்தனையோ முறை கடந்திருப்போம். 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தனியாகத் தொடங்கிய பள்ளி அது. பிறகு அரசு ஏற்று நடத்தியது. படம் வரைவதோடு செங்கல், ஓடு, மண்பாண்டம் செய்வதும் தொடக்க காலப் பாடங்கள். சேப்பாக்கம் செனட் ஹவுஸை வடிவமைத்த சிஸம் இந்தப் பள்ளிக்கும் தலைவராக இருந்திருக்கிறார்.

நம்மவர்களுக்குப் பிடித்த ஒரு செய்தி: சென்னைப் பொறியியல் கல்லூரியில் பேராசிரியராக இருந்த ஆல்ஃபிரட் சாட்டர்டன், 1898-ல் இந்தக் கலைப்பள்ளியின் பட்டறையில்தான் அலுமினியப் பாத்திரம் செய்யும் சோதனையைத் தொடங்கினார். பித்தளையும் செம்பும் அடித்துப் பழகிய கைகளுக்குப் புது உலோகம் கொடுத்துப் பார்த்தார். முயற்சி பலித்தது. 1903-ல் அந்தப் பிரிவு தனியார் நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. நம் அம்மாக்கள் சோறு வடித்த அலுமினியக் குண்டானின் கதையில் ஓர் ஓவியப் பள்ளிக்கும் பங்கு உண்டு என்றால் யார் நம்புவார்கள்!

1929-ல் தேவி பிரசாத் ராய் சௌத்ரி இப்பள்ளியின் முதல் இந்தியத் தலைவராக வந்து, 1957 வரை இருந்தார். அவர் காலத்தில் மயிலாப்பூரில் பிறந்த பையன் ஒருவர் 1935-ல் இங்கே ஓவியம் படிக்க வந்தார். பின்னாளில் பெரியாரின் சிற்பத்தை வடித்தவரும், 1970-களில் இதே கல்லூரியின் முதல்வராக இருந்தவருமான சிற்பி எஸ். தனபால்தான் அவர். அடுத்த ஆண்டு, 1936-ல், தந்தித் துறை வேலையை விட்டுவிட்டு 25 வயதில் ஒருவர் வந்து சேர்ந்தார். அவர் கே.சி.எஸ். பணிக்கர். சம்பளம் வரும் வேலையை உதறிவிட்டு அந்த வயதில் மறுபடி மாணவராக உட்கார்ந்தவரை வீட்டில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்!

பார்க்கக் கற்றுக்கொடுத்த எழும்பூர்

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் எழும்பூர் அருங்காட்சியகம். 1851-ல் தொடங்கியது. அமராவதிச் சிற்பங்களும் சோழர் செப்புத் திருமேனிகளும் ஓவிய மாணவர்களுக்கு அங்கே பாடப் புத்தகங்கள். திருவாலங்காட்டு நடராஜரை முன்னால் நின்று மட்டும் பார்க்காதீர்கள். தூக்கிய காலுக்கு எதிர் எடை எங்கே இருக்கிறது, உடம்பின் பாரம் முயலகன் மேல் எப்படி இறங்குகிறது என்று சுற்றிவந்து பாருங்கள். ஸ்ட்ரக்சுரல் பேப்பர் எழுதியவர்களுக்குப் புரியும். மெழுகில் உருவம் செய்து, மேலே மண் பூசிக் காயவைத்து, சுட்டு மெழுகை வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றிய வேலை அது. அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க முடியும். ஆகவே ஓர் அச்சுக்கு ஒரே சிலை. இந்த நடராஜரின் புகைப்படங்களை மட்டுமே பார்த்து பிரெஞ்சுச் சிற்பி ரோதான் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்த பின் 1921-ல் அது அச்சானது. அவருக்குப் படம்தான் கிடைத்தது. நமக்கோ எழும்பூர் ஸ்டேஷனில் இறங்கினால் போதும்!

இன்னொரு பக்கம், சென்ட்ரல் அருகே மூர் மார்க்கெட். 1900 முதல் பழைய புத்தகத்துக்குப் பேர் போன இடம். வெளிநாட்டுப் புத்தகங்கள் புதிதாக வாங்க வசதியில்லாத காலத்தில், ஏழை மாணவனுக்குப் பழைய புத்தகக் கடைதான் நூலகம். 1985 மே 30-ம் தேதி தீ அதைக் கொண்டுபோய்விட்டது. அந்த இடத்தில் இப்போது புறநகர் ரயில் நிலையக் கட்டடம் இருக்கிறது. என் வயதுக்காரர்கள் அதைப் புகைப்படத்தில் பார்த்ததோடு சரி.

கடற்கரையில் நாலு பேர்

மெரினாவில் உழைப்பாளர் சிலை. நாலு பேர் சேர்ந்து ஒரு பாறையை நகர்த்துகிறார்கள். ராய் சௌத்ரி வடித்த இந்தச் சிலை 1959 ஜனவரி 25-ல் திறந்துவைக்கப்பட்டது. சிங்காரவேலர் 1923-ல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியதும் இந்தச் சென்னைக் கடற்கரையில்தான். சிலையில் உள்ளவர்களில் தலைவர், அரசர் யாரும் கிடையாது. அடுத்த முறை சுண்டல் வாங்கிக்கொண்டு கிளம்பிவிடாமல், அவர்கள் முதுகையும் கெண்டைக்கால் நரம்பையும் ஒரு நிமிஷம் பாருங்க.

பிழைக்க ஓர் இடம்

ராய் சௌத்ரிக்குப் பின் 1957-ல் பணிக்கர் கல்லூரித் தலைவரானார். அவரை உறுத்திய கேள்வி நமக்கும் தெரிந்த கேள்விதான்: படித்து முடித்த பிறகு பையன்கள் என்ன செய்வார்கள்? நமக்காவது கேம்பஸ் இன்டர்வியூ உண்டு. ஓவியனுக்கு? நல்ல கை உள்ளவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக வேறு வேலைக்குப் போய், தூரிகையைத் தொடாமலே காலம் தள்ளினார்கள்.

பணிக்கரும் மாணவர்களும் கண்ட வழி எளிமையானது. ஓவியர்களே பாத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்கள் செய்து விற்பது. கொஞ்ச நேரம் வயிற்றுக்கு, மிச்ச நேரம் சொந்த ஓவியத்துக்கு. அப்படிச் சேர்ந்த பணத்தில் ஈஞ்சம்பாக்கத்தில் மணல்வெளியாகக் கிடந்த நிலத்தை வாங்கி, 1966-ல் உண்டாக்கியதுதான் சோழமண்டலம் ஓவியர் கிராமம். ஈசிஆர் என்ற பேச்சே இல்லாத காலம் அது. அரசு கட்டிக் கொடுத்ததில்லை, ஜமீன்தார் எழுதிவைத்ததில்லை. கலைஞர்கள் தாங்களே உழைத்து வாங்கிய மண். கோயில் மூலவருக்குக் கவசம் அடிக்கும் முறையில் செம்புத் தகட்டைத் தட்டிச் சிற்பமாக்கிய பி.வி. ஜானகிராம் போன்றவர்கள் இந்த வட்டத்தில் வளர்ந்தவர்கள். 2009-ல் அங்கே தற்காலக் கலைக்கான ஒரு காட்சியகமும் திறக்கப்பட்டது.

பணிக்கரைப் பற்றி நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்று உண்டு. 1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை ஓவியங்கள் ஜாதகக் கட்டம் போலவும் ஏட்டுச் சுவடி போலவும் இருக்கும். அதற்குப் பொறி தட்டியது எங்கே தெரியுமா? கணிதம் படிக்கும் மாணவர் ஒருவரின் நோட்டுப் புத்தகத்தில்! எண்களும் எழுத்துகளும் வடிவக் கணிதப் படங்களும் கலந்து கிடந்த ஒரு பக்கம் அவர் கண்ணில் பட்டது. நமக்கு அரியர் பயம் தந்த பக்கத்தில் அவர் ஓர் ஓவியத்தைப் பார்த்தார்.

மிச்சம் இருப்பவை

இந்த இடங்களைச் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. கைவேலை பழக ஒரு பட்டறை, பெரியவர்கள் செய்ததைப் பார்க்க ஒரு கூடம், மலிவாகப் புத்தகம், வேலை செய்தபடியே வாழ ஒரு குடிசை. இவ்வளவுதான் அவர்கள் கேட்டது. திறமை எந்தத் தெருவிலும் பிறக்கலாம். ஆனால் அது வளர இப்படிப்பட்ட இடங்கள் வேண்டும். இவற்றில் மூர் மார்க்கெட் போய்விட்டது. ரவிவர்மாவின் ஓவியங்களைக் காட்டிவந்த எழும்பூர் தேசியக் கலைக்கூடம், ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-ல் திறந்த அந்தச் செந்நிறக் கட்டடம், விரிசல் கண்டு இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து நெடுங்காலம் பூட்டிக் கிடந்தது. விரிசலை அடைப்பதும் பழைய கட்டடத்தைத் தாங்கி நிறுத்துவதும் யார் தொழில்? நம் தொழில்தானே! இன்று வகுப்பில் இருக்கும் தம்பி தங்கைகளில் சிலர் நாளை அப்படியொரு கட்டடத்தின் வரைபடத்தைக் கையில் பிடிப்பார்கள். இடிக்கலாமா, காப்பாற்றலாமா என்று அவர்கள் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதற்கு முன் ஒரு தரமாவது அங்கே நின்று பார்த்திருக்க வேண்டாமா?

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. ஆண்டுக்கு ஒரு நாள் இரண்டாம் ஆண்டு மாணவர்களை அழைத்துச் செல்வோம். காலையில் எழும்பூர், மதியம் சோழமண்டலம், மாலையில் உழைப்பாளர் சிலை. வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. பஸ் செலவுக்கு எங்கள் பேட்ச் பொறுப்பு.