தரையில் கிடக்கும் கட்டைகளும் ஒரு இத்தாலியக் குதிரைவீரரும்

ஒலிம்பிக்ஸில் குதிரை தாண்டும் போட்டியைப் பார்த்திருப்பீர்கள். ஆளுயரத்துக்குக் கொஞ்சம் குறைவான தடைகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தாண்டிக்கொண்டே போகும் குதிரைகள்! ஆனால் அந்தக் குதிரைகள் முதன்முதலில் படித்த பாடம் தாண்டுவது அல்ல. தரையில் சும்மா போட்டு வைத்திருக்கும் மரக்கட்டைகளைக் கால் இடறாமல் கடந்து நடப்பதுதான் அது. கேட்க விளையாட்டாக இருக்கும். இந்த எளிய பயிற்சி வருவதற்கு முன் குதிரைகள் பட்ட பாட்டைப் பார்த்தால் அதன் அருமை புரியும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் குதிரைப்படைகளில் ஒரு நம்பிக்கை இருந்தது. குதிரை தாண்டும்போது அதன் முன்னங்கால்களில் பாரம் விழக்கூடாது, விழுந்தால் ஒடிந்துவிடும் என்பதுதான் அது. அதனால் சவாரி செய்பவர் கால்களை முன்னே நீட்டி, முதுகைப் பின்னால் சாய்த்து, கடிவாள வாரை இழுத்துப் பிடித்தபடி தாண்டுவார். அந்தக் கால வேட்டை ஓவியங்களிலும் இதைப் பார்க்கலாம், ஏதோ சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது போல இருப்பார்கள்! தரையில் இறங்கும் நேரத்தில் அவரது முழு எடையும் குதிரையின் இடுப்பில் 'தொப்' என்று விழும். அதே நொடியில் வாயில் இருக்கும் இரும்பு சுண்டி இழுக்கும். தாண்டினால் வலிக்கும் என்று குதிரைக்குத் தெரிந்துவிடும். அடுத்த தடைக்கு முன்னால் அது நின்றுவிடும். நின்றால் சவுக்கடி. தப்பு செய்தது மேலே உட்கார்ந்திருந்தவர், அடி வாங்கியது கீழே நின்றது.

இத்தனைக்கும் கி.மு. 4ஆம் நூற்றாண்டிலேயே கிரேக்கத்தின் செனபோன், குதிரை தாண்டும்போது பிடரி மயிரைப் பிடித்துக்கொள்ளுங்கள், அதன் வாயை இழுத்து வலி உண்டாக்காதீர்கள் என்று குதிரையேற்றம் பற்றிய தன் நூலில் எழுதி வைத்திருந்தார். யார் கேட்டார்கள்?

கேட்டது போல நடந்துகொண்டவர் ஃபெடெரிகோ காப்ரில்லி. 1868இல் இத்தாலியின் லிவோர்னோ நகரில் பிறந்தவர், குதிரைப்படை அதிகாரி. டூரின் நகருக்கு அருகே உள்ள பினெரோலோவில் இருந்த குதிரைப்படைப் பள்ளியில் படித்து, பின்னர் அங்கேயே பயிற்சியாளரும் ஆனார். அவர் செய்த வேலை ரொம்ப சாதாரணமானது. முதுகில் ஆள் இல்லாமல் குதிரைகளைத் தாண்டவிட்டு, பார்த்துக்கொண்டே இருந்தார். குதிரை கழுத்தை முன்னே நீட்டித் தன்னைச் சமன்படுத்திக்கொள்கிறது, முன்னங்கால்களில்தான் தரை இறங்குகிறது. 'முன்னங்கால் ஒடிந்துவிடும்' என்று சொன்னவர்கள் இதைக் கவனிக்கவே இல்லை போலும்.

அப்படியானால் மனிதர் செய்ய வேண்டியது என்ன? குதிரைக்குத் தொந்தரவு கொடுக்காமல் இருப்பதுதான்! காப்ரில்லி அங்கவடியின் நீளத்தைக் குறைத்தார். உடலை முன்னால் கொண்டுவந்து, கைகள் குதிரையின் வாயோடு சேர்ந்து முன்னே போகும்படி செய்தார். எங்கே கால் எடுத்துத் தாவுவது என்ற முடிவைக் குதிரையிடமே விட்டார்.

இங்கேதான் கட்டைகள் வருகின்றன. முடிவு குதிரையுடையது என்றால், முதலில் அதற்கு முடிவெடுக்கத் தெரிய வேண்டுமே? அதனால் தரையில் கிடக்கும் ஒற்றைக் கட்டையைக் கடந்து நடக்க வைத்துத்தான் பயிற்சி தொடங்கியது. பிறகு துள்ளுநடை, பிறகு கட்டையைச் சிறிது சிறிதாக உயர்த்துவது. இதற்கென்று இரண்டு முனையிலும் பெருக்கல் குறி போன்ற மரத்தாங்கிகள் வைத்த தாழ்வான கட்டைகளுக்கு இத்தாலியில் 'கவல்லெட்டி' என்று பெயர். குட்டிக் குதிரைகள் என்று பொருள் கொள்ளலாம். இவை உலகமெங்கும் காப்ரில்லியின் வழிமுறையோடு சேர்த்தே பேசப்படுகின்றன.

இதன் சூட்சுமம் இடைவெளியில் இருக்கிறது. நடைக்குச் சுமார் 80 செ.மீ., துள்ளுநடைக்குச் சுமார் 1.3 மீட்டர், பாய்ச்சலுக்கு 3 மீட்டருக்கும் மேல். குதிரைக்குக் குதிரை இது கொஞ்சம் மாறும். சரியான இடைவெளியில் நாலு கட்டைகள் கிடந்தால், குதிரை தலையைத் தாழ்த்திக் கீழே பார்க்கும், ஒவ்வொரு காலையும் வழக்கத்தைவிட உயர்த்தும், முதுகுத் தசைகள் வேலை செய்யும், அடிகள் தாளம் போட்டது போல ஒரே சீராக விழும். இரண்டே கட்டைகளைப் போட்டால் சில குதிரைகள் இரண்டையும் சேர்த்து ஒரே தாவாகத் தாவிவிடும் (புத்திசாலிகள்!). காலை எங்கே வைப்பது என்பதை வாரைப் பிடித்து இழுத்துச் சொல்ல வேண்டியதில்லை, தரையே சொல்லிவிடுகிறது.

மேலே இருப்பவருக்கும் இது பாடம்தான். கடிவாள வாரைத் தொங்கிப் பிடிப்பவர் முதல் கட்டையிலேயே மாட்டிக்கொள்வார். குதிரை தலையைத் தாழ்த்த முடியாமல் கட்டையில் குளம்பை இடிக்கும், அந்த 'டொக்' சத்தம் எல்லோருக்கும் கேட்கும். ஆசிரியர் திட்ட வேண்டிய அவசியமே இல்லை.

பழைய ஆட்கள் லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் 1902இல் டூரினில் நடந்த சர்வதேசப் போட்டியின்போது காப்ரில்லி மெலோப்போ என்ற குதிரையில் 2.08 மீட்டர் உயரம் தாண்டிக் காட்டினார். அதன்பின் பல நாட்டு அதிகாரிகள் பினெரோலோவுக்கும், ரோம் அருகே டோர் டி குவின்டோவில் இருந்த பள்ளிக்கும் படிக்க வந்தார்கள். 1920 ஆண்ட்வெர்ப் ஒலிம்பிக்ஸில் தனிநபர் தாண்டும் போட்டியின் தங்கம், வெள்ளி இரண்டும் இத்தாலிக்கே. தங்கம் வென்றவர் டொம்மாசோ லெக்கியோ.

காப்ரில்லி அதைப் பார்க்கவில்லை. 1907 டிசம்பரில், டூரினில், மெதுவாக நடந்துகொண்டிருந்த குதிரையிலிருந்து விழுந்து தலையில் அடிபட்டு இறந்தார். வயது 39தான். பெரிய நூல் எதுவும் எழுதி வைக்கவில்லை, சில கட்டுரைகளும் குறிப்புகளும் மட்டுமே. மாணவர்கள் வாயிலாகத்தான் அவர் முறை பரவியது. அவர் யாருக்காக இதையெல்லாம் செய்தாரோ அந்தக் குதிரைப்படைக்கும் காலம் நெருங்கியிருந்தது. 1914இல் தொடங்கிய போரில் இயந்திரத் துப்பாக்கிக்கும் முள்கம்பிக்கும் முன்னால் குதிரைகள் என்ன செய்ய முடியும்? போர்முனைக்கென்று பிறந்த பயிற்சி, விளையாட்டு மைதானத்துக்குக் குடிபெயர்ந்தது.

அங்கே அதை எடுத்து வளர்த்தவர்களில் முக்கியமானவர் ஜெர்மனியின் ரைனர் க்ளிம்கே. வழக்கறிஞர், 6 ஒலிம்பிக் தங்கம் வென்றவர். வேடிக்கை என்னவென்றால், அந்த ஆறும் தாண்டும் போட்டியில் கிடைத்தவை அல்ல. டிரெஸாஜ் எனப்படும், குதிரையின் நடை நேர்த்தியைக் காட்டும் போட்டியில் வென்றவை. தாண்டாத குதிரைக்கும் கட்டைகள் உதவும் என்று காட்டி அவர் கவல்லெட்டி பற்றித் தனி நூலே எழுதினார். பின்னாளில் அதைத் திருத்திப் புதுப்பித்தவர் அவர் மகள் இங்ரிட். அவரும் 2008, 2012 ஒலிம்பிக்ஸில் ஜெர்மன் குழுவோடு தங்கம் வென்றவர்.

பழைய பெருக்கல் குறித் தாங்கிகள் இப்போது குறைந்துவிட்டன. ஒன்றன்மேல் ஒன்று அடுக்கி உயரத் தடையாக்கும்போது அவை உருண்டு குதிரையின் காலில் சிக்கின. அதனால் பல பள்ளிகளில் இலேசான பிளாஸ்டிக் தாங்கிகள் வந்துவிட்டன. இன்னும் பல இடங்களில் தாங்கியே கிடையாது, கட்டை மட்டும் தரையில் கிடக்கிறது.